மிதித்துவிடுகிறவளின் கால்

தேங்காய்த் துருவல் இளக ஆரம்பித்துவிட்டது. ஃப்ரீஸரில் கல்லாகக் கிடந்த பொட்டலம் அது. ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வையுங்கள் என்று சொன்னால் இந்த வீட்டில் யாருக்குக் காது கேட்கிறது, கைக்குக் கிடைத்ததைத் துண்டில் சுற்றிக் கணுக்கால் மேல் வைத்துக்கொண்டாள் பவளக்கொடி. "சட்னிக்கு வச்சிருந்ததைக் காலுக்கு வச்சிருக்கா பாரு" என்று மாமியார் வெள்ளத்தாயி அடுப்படியிலிருந்து சொன்னது கேட்டது, கேட்கட்டும் என்றுதான் சொன்னதே. சட்னி நாளைக்கு அரைத்துக்கொள்ளலாம் அத்தை, கால் எந்தக் கடையில் விற்கிறது, வாங்கிக்கொண்டு வாங்களேன் பார்ப்போம். இதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். வாய்க்குள் பேசுவதில் பவளக்கொடியை அடித்துக்கொள்ள இந்தத் திருமங்கலத்திலேயே ஆள் கிடையாது, இருபத்து மூன்று வருசப் பழக்கம். கட்டிலில் மல்லாந்து கிடந்தாள், இடது கால் மட்டும் தலையணை அடுக்கின் மேல் சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தது. நெஞ்சைவிடக் கால் உயரத்தில் இருக்கணும், அப்பத்தான் வீக்கம் இறங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதுவும் பொறுக்கவில்லை அத்தைக்கு, வாசலைப் பார்க்கக் காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கா, வர்ற லச்சுமி எப்படி உள்ள வருவா என்று காலையிலிருந்து மூன்று தரம் கேட்டாயிற்று. லச்சுமி வர்றபோது வரட்டும், இப்போது வந்துகொண்டிருப்பது ஒச்சப்பன். நாத்தனார் புருசன் குருசாமி அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவரைக் கூட்டிவரத்தான் போயிருக்கிறார். சுளுக்கு உருவுகிறவர். காய்ச்சின எண்ணெயை ஊற்றி, கட்டைவிரலால் நீவிக்கொண்டே பேச்சுக் கொடுத்து, எந்த ஊரு தாயி, எத்தனை புள்ளைக என்று கேட்டு, பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது விடுக்கென்று ஓர் இழுப்பு. அவர் வந்து சேர்வதற்குள் அவள் ஒன்று முடிவு செய்தாக வேண்டும். இல்லை, முடிவெல்லாம் எப்போதோ செய்தாகிவிட்டது, அதை வாய்க்கு வெளியே கொண்டுவருவது எப்படி என்பதுதான் இப்போது பாக்கி.

அநியாயத்தைப் பாருங்கள், விழுந்ததே அந்த அண்ணனால்தான். பவளக்கொடி காலால் பிறந்தவள். எல்லாப் பிள்ளையும் தலையை நீட்டிக்கொண்டு வந்தால் இவள் இந்த உலகத்துக்குள் முதலில் காலை வைத்து ஆழம் பார்த்துவிட்டுத்தான் மற்றதை அனுப்பினாள், அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். காலால் பிறந்தவர்கள் மிதித்துவிட்டால் இடுப்புப் பிடிப்பு, முதுகுச் சுளுக்கு எல்லாம் விட்டுப்போகும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதனால் விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவள் கால் அவளுடையதாக இல்லை. விடியக்காலையில், பல்லில் தண்ணீர் படுமுன், வீட்டுக்கு முன்னால் ஆள் வந்து நிற்கும். கோணிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. பாயை விரித்துக் குப்புறப் படுப்பார்கள், இவள் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் இடுப்பிலிருந்து கீழ்நோக்கி மூன்று தரம் தடவிவிட வேண்டும். எழுந்து போகும்போது போய்ட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் பிடிப்பும் திரும்பி வந்துவிடுமாம். அதனால் யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். எத்தனை இடுப்பு, யாத்தே, கறுத்த இடுப்பு, வெளுத்த இடுப்பு, அரைஞாண் கயிறு அறுத்த இடுப்பு, பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கே மாமியாரின் இடுப்பு. ராசியான காலு என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் வெள்ளத்தாயி பூ வைத்தாள். அவளைக் கட்டிக்கொண்டு வந்தார்களா, அவள் காலைக் கட்டிக்கொண்டு வந்தார்களா என்று பவளக்கொடிக்கு இன்றைக்கு வரைக்கும் சந்தேகம்தான். போன ஞாயிற்றுக்கிழமை குருசாமி அண்ணன் வந்து, தங்கச்சி, குனிய முடியலம்மா என்று பின்வாசல் படிக்கட்டை ஒட்டிப் பாயைப் போட்டுப் படுத்தார். இவள் இடது காலை ஊன்றி வலது காலை அவர் இடுப்பில் வைத்தாள். முதல் தடவல் ஆயிற்று. இரண்டாவதில் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயசு ஆம்பிளை, பேரன் எடுத்தவர், பச்சைப்பிள்ளை மாதிரி கிக்கிக்கீ என்று சிரித்துக்கொண்டு புரண்டார் பாருங்கள், கோணிச் சாக்கு புரண்ட மாதிரி, இவள் நிலைதடுமாறி ஒரு படி கீழே இறங்கினாள். இறங்கவில்லை, விழுந்தாள். கால் உள்பக்கமாக மடங்கிற்று. உள்ளே ஏதோ துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அது காதுக்குக் கேட்டதா உடம்புக்குக் கேட்டதா தெரியவில்லை, இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் கேட்கிறது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது என்ன தெரியுமா, மூணாவது தடவல் பாக்கி இருக்கே தங்கச்சி.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் கதை மாறிவிட்டது. எப்படி விழுந்தீங்க என்று டாக்டர் இவளைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது நாகேந்திரன். "ஓடுறா டாக்டர். இந்த வயசுல கிரவுண்டுக்குப் போயி ஓடுறா, சொன்னாக் கேக்குறதில்ல." புருசன் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது, அவள் ஓடுவது நிசம், சொன்னால் கேட்காததும் நிசம், விழுந்ததும் நிசம். மூன்று நிசத்தை அடுக்கி ஒரு பொய் செய்ய அவரால்தான் முடியும். அவள் வாயைத் திறந்தாள், அக்கா மாப்பிள்ளையை டாக்டர் முன்னால் விட்டுக்கொடுக்க வேண்டாமே என்று அவர் ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டாள். மூடிக்கொள்ளும் வாய், என்ன வாயோ. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்புக்கு ஒன்றுமில்லை, எலும்பைச் சேர்த்துப் பிடிக்கிற நார்தான் கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்றார்கள். நர்ஸ் முதல் காரியமாக மெட்டியைக் கழற்றினாள், வீங்கினால் விரல் செத்துப்போகும்க்கா என்று சோப்பைத் தடவி, திருகித் திருகி. கையில் வாங்கிப் பார்த்தபோது எவ்வளவு சின்னதாக இருந்தது, இதுக்கா இத்தனை வருசம் என்று தோன்றிற்று. அடியாத்தி, புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப மெட்டியக் கழட்டலாமா என்று அத்தை வராண்டாவிலேயே ஒப்பாரிக்கு ஆயத்தமானாள். நிக்கிறாரே அத்தை, நின்று என்ன செய்தார், உங்க மாப்பிள்ளை இடுப்பைக் காப்பாத்தினார். இதுவும் வாய்க்குள்தான். அப்புறம் பிசியோதெரபி அறையில் அந்தப் பெண், சின்னப் பெண்தான், கண்ணாடி போட்டவள், விரலடியிலிருந்து மேலே மேலே கட்டுத்துணியைச் சுற்றிக் காட்டினாள். இறுக்கிக் கட்டாதீங்க, விரல் சில்லுன்னு ஆனா, நீலம் பாரிச்சா, உடனே அவுத்துருங்க. தேய்க்கக் கூடாது, நீவக் கூடாது, சூடு காட்டக் கூடாது, யார் சொன்னாலும். வீக்கம் கொஞ்சம் இறங்கினதும் பெருவிரலைப் பேனா மாதிரி வச்சுக்கிட்டு அந்தரத்துல ஏபிசிடி எழுதுங்க, கணுக்கால் எல்லாப் பக்கமும் அசையும், வலிக்கிற எழுத்து வந்தா நிறுத்திருங்க. தமிழ்ல எழுதலாமா என்று இவள் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள், தமிழ்னா இன்னும் நல்லதுக்கா, எல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு போகுமே. தை மாசத்துக்குள் நான் மறுபடி ஓடலாமா என்று கேட்டாள். நாகேந்திரன் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம். ஒழுங்காப் பாத்துக்கிட்டா ஓடலாம், தை மாசமா, தாராளமா. ஆனா யாரையாவது கூட்டிவந்து இழுத்து விட்டீங்கன்னா எங்கிட்ட வராதீங்க.

இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பவளக்கொடிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதே ஒச்சப்பன், இதே எண்ணெய்க் கிண்ணம். பன்னிரண்டாம் வகுப்பு. மாவட்டப் போட்டிக்கு எண்ணூறு மீட்டருக்கு இவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் நீல நிற ட்ராயரும் பனியனும் கொடுத்தார்கள், வீட்டில் ட்ராயரைக் கண்டதும் அம்மா அதன் மேலேயே பாவாடையைக் கட்டிக்கொண்டு ஓடச் சொன்னாள். சரி என்று அப்படியே ஓடிப் பழகினாள். கம்மாய்க் கரையில் ஓடும்போது கல் தடுக்கிப் பிசகிற்று, பெரிதாக ஒன்றுமில்லை, நாலு நாள் உட்கார்ந்திருந்தால் போயிருக்கும். அப்பா ஒச்சப்பனைக் கூட்டிவந்தார். அன்றைக்கு அவர் மீசை கறுப்பு. எந்தப் பள்ளிக்கூடம் தாயி என்று கேட்டார். அரசினர் என்று ஆரம்பித்தாள், மேல்நிலைப் பள்ளி அலறலாகத்தான் வெளியே வந்தது. அப்பா தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார், மாமா தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார், எல்லாரும் சிரித்தார்கள், அம்புட்டுத்தான் அம்புட்டுத்தான் விட்டுப்போச்சு என்றார்கள். விட்டுப்போனது என்னவோ போட்டிதான். சாயங்காலம் கால் பரங்கிக்காய் மாதிரி ஊதிற்று. மாவட்டப் போட்டியில் இவள் பேரை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம், பி. பவளக்கொடி, பி. பவளக்கொடி, கடைசி அழைப்பு. யாரோ ஒரு தோழி வந்து சொன்னாள், சொல்லாமலாவது இருந்திருக்கலாம். அந்தக் கடைசி அழைப்பு அவள் காதுக்கே எட்டவில்லை, ஆனால் அதைத்தான் அவள் அதிகமாகக் கேட்டிருக்கிறாள், அரிசி களையும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, பிரசவ வார்டில்கூட. கால் சரியாக ஒரு வருசம் ஆயிற்று. அதற்குள் கல்யாணம். அப்பா சொன்னார், கல்யாணத்துக்கு நடந்தாப் போதும், ஓடவா போறா. அப்பாவின் மேல் கோபம் இருந்ததா? இருந்தது. இருக்கிறது. செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், படத்துக்கு மாலை போடும்போதும் அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் போடுகிறாள், ஏம்ப்பா தலையைப் பிடிச்சீங்க.

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகுதான் விடியக்காலை என்று ஒன்று அவளுக்குக் கிடைத்தது. சுகர் எட்டிப் பார்க்குது, நடங்க என்று டாக்டர் சொன்னார், நடக்கப் போனாள். பள்ளிக்கூட மைதானத்தில் நாலு சுற்று நடந்த பிறகு ஒரு நாள், யாரும் பார்க்கவில்லை என்று சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கொஞ்ச தூரம், கோல்போஸ்ட்டிலிருந்து வேப்பமரம் வரைக்கும், ஓடினாள். ஐயோ அந்த வேப்பமரம். மூச்சு இரைத்து, மார்பு வலித்து, இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள், பைத்தியம் மாதிரி. காலுக்கு ஞாபகம் இருந்தது. தலைக்கு மறந்துபோனதெல்லாம் காலுக்கு ஞாபகம் இருந்தது. அங்கே நடக்க வருகிற மெஹருன்னிசா டீச்சர்தான் சொன்னாள், திருச்சியில் மூத்தோர் தடகளம் நடக்குது, நம்ம வயசுப் பொம்பளைக ஓடுறாங்க, எழுபது வயசுக்காரியெல்லாம் ஓடுறா, வாயேன். தை மாசம். எண்ணூறு மீட்டர் இருக்கிறதா என்று இவள் கேட்டாள். இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தோசை சுடும்போது நாலு தோசை கருகிற்று, என்ன ஞாபகத்துல இருக்க என்று அத்தை கேட்டாள், ஒண்ணுமில்ல அத்தை என்றாள், ஒன்றுமில்லாமல் இல்லை, மைக்கில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது இந்தக் கால். வீங்கி, மஞ்சளும் ஊதாவுமாக, கத்தரிக்காய் தோற்றது. பயம் இல்லை என்று யார் சொன்னது. இருக்கிறது. நாற்பத்தொரு வயசு நார் மறுபடி ஒட்டுமா, ஒட்டினாலும் நம்பி ஊன்ற முடியுமா, வேப்பமரம் வரைக்குமாவது. அதைவிடப் பெரிய பயம் ஒச்சப்பனோ அவர் கட்டைவிரலோ இல்லை. நாலு பேர் கூடி நின்று, காட்டும்மா, ஒரு தரம் காட்டினா என்ன குறைஞ்சா போயிரும் என்று சொல்லும்போது, சரி என்று சொல்லிவிடுவாளே, அந்தச் சரி. அது தொண்டையிலேயே தயாராக நிற்கிறது, விக்கல் மாதிரி, தன்னால் வந்துவிடும். காபி போடு, சரி. மிதிச்சு விடு, சரி. டாக்டர்ட்ட எதுவும் சொல்லாத, சரி.

செல்போன் அடித்தது. நாகேந்திரன், ஜெராக்ஸ் கடையிலிருந்து, பின்னால் மிசின் சர் சர்ரென்று ஓடுகிற சத்தம். "மாமா கெளம்பிட்டாரா? பெரியவரு வந்தா ஒரு தரம் காட்டிரு பவளம். அம்மா மனசுக்காக." டாக்டர் இழுக்கக் கூடாதுன்னாங்களே என்றாள். "டாக்டர் சொல்லத்தான் செய்வாங்க. நமக்கு அம்மாவும் வேணும்ல." எனக்குக் காலும் வேணும்ல என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் யாரோ ஆதார் கார்டு முன்பக்கம் பின்பக்கம் கேட்டார்கள், அவர் வைத்துவிட்டார். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே, கெட்டவராக இருந்தால் என்றைக்கோ கத்தியிருக்கலாம், ராத்திரி எழுந்து தலையணையைச் சரிசெய்து வைத்தவரும் அவர்தான், டாக்டரிடம் அப்படிச் சொன்னவரும் அவர்தான். அடுப்படியிலிருந்து புளி கொதிக்கிற வாசனை வந்தது. புளியும் உப்பும் மஞ்சளும், கொதிக்கக் கொதிக்கப் பத்துப் போட, உருவி முடித்த கையோடு. வாசனையிலேயே கணுக்கால் சுட்டது. "என்னாத்தா, இப்ப எப்படி இருக்கு, முடியலையா?" என்று அத்தை குரல் கொடுத்தாள். முடியல அத்தை என்று பவளக்கொடி சொன்னாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முடியல. இந்த வீட்டில் செல்லுபடியாகிற ஒரே வார்த்தை அதுதான். முடியல என்று சொன்னால் கஞ்சி வரும், தைலம் வரும், பாவம் என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், அத்தை ஒன்றும் ராட்சசி இல்லை. காய்ச்சலுக்கு முடியல, மாசம் மூன்று நாள் முடியல, மிதித்து விட்டுக் காலெல்லாம் உளைச்சல் எடுத்த நாளில் முடியல. இருபத்து மூன்று வருசமாக அவள் முடியலவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் ஓய்வெடுத்திருக்கிறாள். அந்த வார்த்தையின் வாலை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். முடியாது. முடியாது என்று சொன்னால் என்ன வரும்? தெரியாது. சொல்லிப் பார்த்ததே இல்லை. முடியல என்பது உடம்பு பேசுவது, முடியாது என்பது ஆள் பேசுவது. இத்தனை வருசத்தில் அவள் உடம்பு பேசியிருக்கிறது, அவள் பேசியதில்லை. இது நினைப்பில் வந்ததும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, அழவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தாள். மரத்த கால் மெல்ல மெல்லத் தன் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி உணர்வுக்கு வந்தது, எறும்பு ஊர்ந்தது. கட்டுத்துணியைச் சுற்றினாள், விரலடியிலிருந்து, அந்தப் பெண் காட்டிய மாதிரி, விரல் சிவப்பாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள், இருக்கிறது. மெட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். பெருவிரலை நீட்டினாள். காலையில் அ எழுதிப் பார்த்தபோது முதல் சுழியிலேயே உயிர் போயிற்று, உயிரெழுத்து என்று தெரியாமலா பேர் வைத்தார்கள். இப்போது என்ன எழுதுவது? பேரை எழுதலாமா, ப சுலபம், பெட்டி மாதிரி நேர்க்கோடு. சட்டென்று கால் நின்றது. எழுத்தைக் காலால் எழுதுவதா. ரோட்டில் கிடக்கிற துண்டுக் காகிதத்தில் கால் பட்டால்கூடக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாதி நாம், புத்தகத்தை மிதித்ததற்கு மூன்றாம் வகுப்பில் முட்டி போட்டிருக்கிறாள், சரஸ்வதி, தாயே, மன்னிச்சுக்க. அத்தை பார்த்தால் லச்சுமியோடு சரஸ்வதியையும் சேர்த்து வாசலில் நிறுத்திவிடுவாள். அப்புறம் தோன்றியது, ஊரில் உள்ளவன் இடுப்பையெல்லாம் தொட்ட கால் எழுத்தைத் தொட்டால் மட்டும் தீட்டா? இந்தக் காலுக்கு இதுவரைக்கும் யாராவது ஒரு நல்ல சோலி கொடுத்திருக்கிறார்களா? எழுதினாள். மு. நேராக இறங்கி, திரும்பி, ஏறி, சுழித்து, அடியில் வளைந்து போகிற வாலில் வெளிக்கணு சுள்ளென்றது, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக வளைத்தாள், வளைந்தது. டி. அது நல்ல பிள்ளை, நேராக இறங்கி நேராகப் போய்விட்டது, மேலே கொக்கி போடுகையில் மட்டும் கொஞ்சம் முனகிற்று. யா. நீளம், அவசரப்படாதே, துணைக்கால் இருக்கிறது. துணைக்கால், பேரைப் பார், அதாவது இருக்கிறதே துணைக்கு. து எழுத ஆரம்பிக்கையில் தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது, குருசாமி அண்ணன் எப்போதும் பிரேக்கைக் கதற விட்டுத்தான் நிறுத்துவார். து பாதியில் நின்றது. நெஞ்சு அடித்துக்கொண்டது, எண்ணூறு மீட்டரில் கடைசி வளைவு திரும்பும்போது அடிக்குமே, அப்படி. பயப்படாதே என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை, பயந்துகொண்டே இருந்துகொள் என்றாள், எழுந்து மட்டும் உட்கார்.

எழுந்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றுகிற சத்தம், வாங்க பெரியவரே வாங்க என்று அத்தையின் குரல், அப்புறம் ஒச்சப்பன். மீசை வெளுத்திருந்தது. கட்டைவிரல் மட்டும் அப்படியே, அகலமாக, எண்ணெய் ஊறிக் கறுத்து. பாட்டிலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். குருசாமி அண்ணன் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றார், இவளைப் பார்த்து ஒரு சிரிப்பு, பின்வாசலில் கிடந்த பாயை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு பேச்சுக்கும் இடம் வைக்காமல், கட்டிலை ஒட்டி விரித்தார்.

"உனக்கு உருவி முடிச்சதும் தங்கச்சி, அந்தக் காலு சும்மாத்தானே இருக்கு, உக்காந்த மேனிக்கே அந்த மூணாவது தடவலை மட்டும் முடிச்சு விட்ரு. பாதியில நின்னதுல இருந்து பிடிப்பு இன்னும் கூடிப்போச்சு."

சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்தே விட்டார். பவளக்கொடி அந்த இடுப்பைப் பார்த்தாள். இருபத்து மூன்று வருசத்து இடுப்புகள் எல்லாம் சேர்ந்து அங்கே படுத்திருந்தன.

ஒச்சப்பன் கையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டுத்துணியின் முனையைத் தேடினார். "ஓடி விழுந்தியாமே தாயி. எந்தக் கிரவுண்டு?"

பேச்சுக் கொடுக்கிறார். இதே குரல். தொண்டையில் அந்தச் சரி ஏறி வந்தது, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பவளக்கொடி இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்துக் காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்பா பிடித்த மாதிரி இல்லை, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி.

"நான் ஓடி விழலய்யா. இந்தா படுத்திருக்காரே, இவரை மிதிக்கையில விழுந்தேன்."

பாயில் கிடந்த முதுகு லேசாக அசைந்தது. அத்தை புளிக் கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "இப்ப எதுக்காத்தா அந்தப் பேச்சு? காலைக் காட்டு, பெரியவரு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாரு."

"முடியாது."

குரல் தன்னுடையது மாதிரி இல்லை. சின்னதாக, கரகரப்பாக, முதல் தடவை வேப்பமரம் வரைக்கும் ஓடினபோது மூச்சு வந்ததே அது மாதிரி வந்தது. அத்தையின் முகம் உடனே இளகிற்று. கரண்டியை விட்டுவிட்டு ஓடி வந்து நெற்றியில் கை வைத்தாள், நிசமான பதைப்போடு.

"முடியலையா? ரொம்ப வலிக்குதாத்தா? அதுக்குத்தானே பெரியவரக் கூட்டியாந்தது..."

பாவம், அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும். பவளக்கொடி அந்தக் கையை நெற்றியிலிருந்து மெதுவாக எடுத்துப் பிடித்துக்கொண்டாள். கோபம் இருந்தது, ஆனால் கையை உதறவில்லை.

"முடியலன்னு சொல்லல அத்தை. முடியாதுன்னு சொல்றேன்."

புளி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் போகவில்லை. ஒச்சப்பன் அவள் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்ட ஞாபகம் அவருக்கு இருந்ததோ என்னவோ, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பாட்டிலை மூடினார். பாயில் குப்புறக் கிடந்தவர் தலையை மட்டும் தூக்கி, ஒரு கண்ணால் பார்த்தார்.

"அப்ப எனக்கு, தங்கச்சி?"

பவளக்கொடி இடது காலைத் தலையணை மேல் ஏற்றி வைத்தாள். பெருவிரலை நீட்டினாள், பாதியில் நின்ற து அந்தரத்தில் காத்துக்கொண்டிருந்தது, அதன் வாலை வலிக்க வலிக்க வளைத்து முடித்தாள்.

"உங்களுக்கும்தாண்ணே."